ஜிம்னி மேனுவல் எடுத்திருக்கேன்: மலைத்தோட்டப் பாதையில் முதல் அனுபவம்

கொல்லிமலைக்காரன்:

வணக்கம் நண்பர்களே. மாருதி ஜிம்னி (நாலு சக்கர இழுவை உள்ள சின்ன ஜீப்), ஆல்ஃபா வேரியண்ட், 5 கியர் மேனுவல். மழைக்கு முன்னாடி டெலிவரி எடுத்தேன். இப்ப மழை அடிச்சு ஓய்ஞ்சாச்சு, வண்டியும் சேறு பார்த்தாச்சு. ஷோரூம் வாசல்ல நின்னு பேசுற வீடியோ ஏராளமா கிடக்கு. தோட்டத்துக்குப் போக வர வாங்கினவங்க எழுதினது குறைவு. அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன், பொறுத்துக்குங்க.

வீடு நாமக்கல். தோட்டம் கொல்லிமலை மேல, மிளகும் காபியும். சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி அடிவாரம், அங்கேயிருந்து 70 கொண்டை ஊசி. அதுவரைக்கும் எந்தக் கார் வேணா போகும், எங்க பழைய ஹேட்ச்பேக்கே வருஷக்கணக்கா போயிட்டு வந்தது. பிரச்சனை சோளக்காடு தாண்டி, தார் ரோடு முடியுற இடத்துல ஆரம்பிக்கும். அங்கேயிருந்து தோட்டம் நாலு கிலோமீட்டர். பாதி செம்மண், பாதி பாறை, நடுவுல ஒரு ஓடை. காய்ஞ்சிருந்தா டிராக்டர் போகும், பைக் போகும். மழை பெஞ்சா அந்தச் செம்மண் எண்ணெய் தடவின தோசைக்கல்லு. காரை ரோட்டோரத்துல விட்டுட்டு நடப்போம், மூட்டையை ஆள் வச்சுத் தூக்குவோம். இந்த நாலு கிலோமீட்டருக்காகத்தான் இந்த வண்டி. கீழ எழுதுறதையெல்லாம் அந்தக் கணக்குல படிங்க.

குறையை முதல்ல சொல்லிடுறேன். நாலு வழிச்சாலையில இது சொகுசு வண்டி கிடையாது. 1.5 லிட்டர் பெட்ரோல், 105 பி.எஸ்., 134 என்.எம். அந்த இழுவையும் 4000 ஆர்.பி.எம்.லதான் முழுசா வரும். அஞ்சாவது கியர் நேர் 1:1. 100ல போனா முள்ளு 3000ஐத் தாண்டி நிக்குது, இன்ஜின் சத்தம் உள்ள வருது, கை தானா ஆறாவது கியரைத் தேடுது. கரூர் ரோட்டுல லாரியை ஓவர்டேக் பண்ண நாலாவதுக்கு இறங்காம வேலைக்காகாது. நான் 80, 90லயே போறேன். அந்த வேகத்துல பாட்டு கேக்கலாம், பேசலாம், மைலேஜும் 15 பக்கம் வருது. (வண்டிகளைச் சோதிக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ. அமைப்போட கணக்கு 16.94. மலையில லோ கியர்லயே திரிஞ்சா 10, 11தான். டேங்க் 40 லிட்டர்.)

ஸ்டியரிங் பத்தித் தெரியாம எடுத்தா முதல் நாள் பயமா இருக்கும். ரீசர்குலேட்டிங் பால் வகை. வளைவு முடிஞ்சதும் மத்த கார்ல வர்ற வேகத்துல தானா நேராகாது, நாமதான் திருப்பிக் கொண்டுவரணும். நேர் ரோட்டுலயும் சின்னச் சின்னதா திருத்திக்கிட்டே இருக்கணும். அதுக்குப் பதிலா என்ன கிடைக்குதுன்னா, முன்சக்கரம் பாறையில இடிச்சாலும் அந்த வெட்டு கைக்கு வர்றது ரொம்பக் கம்மி.

ஆர்.சி.ல 4 சீட். அம்மா, வீட்டுக்காரம்மா, ரெண்டு பசங்க, நான்னு எங்க வீட்டுல அஞ்சு பேர். அதனால பழைய காரை விக்கல. டிக்கி 208 லிட்டர். நாலு பேர் உக்காந்தா பையை யோசிச்சுத்தான் வைக்கணும். பின்சீட்டை மடக்கினா மூட்டை போடலாம்.

இனி மலை. கொண்டை ஊசியில ரெண்டாவது கியர்லயே ஏறிடுது, சில வளைவுல மட்டும் முதல் கியர். கிளட்ச் லேசு, 70 வளைவு முடிஞ்சும் கால் வலிக்கல. அகலம் 1645 மி.மீ.தான், எதிர்ல பஸ் வந்தா ஒதுங்குறது சுலபம். உக்காந்த இடத்துலேர்ந்து பானெட்டோட ரெண்டு மூலையும் கண்ணுக்குத் தெரியுது. மலைரோட்டுல இது எவ்வளவு பெரிய உதவின்னு ஓட்டுறவங்களுக்குத் தெரியும். இறக்கத்துல ரெண்டாவதுல விட்டா இன்ஜினே பிடிச்சுக்குது, பிரேக் சூடாகுற வாடை வரலை.

தார் ரோடு முடிஞ்சதும் கியருக்குப் பக்கத்துல இருக்கிற குட்டி லீவரை 2எச்லேர்ந்து (பின்சக்கர இழுவை மட்டும்) 4எச்சுக்கு (நாலு சக்கர இழுவை) தள்ளுறேன். இதுக்கு நிறுத்த வேண்டாம், ஓடும்போதே மாத்தலாம். செம்மண் ஏத்தம் முழுக்க 4எச், ரெண்டாவது கியர். போன வருஷம் வரைக்கும் செருப்பைக் கையில தூக்கிட்டு நடந்த இடம் அது.

ஓடையைத் தாண்டினா ஒரு பாறைப்படி. முழங்கால் உயரம் இல்லை, ஆனா குறுக்கா சாய்ஞ்சு கிடக்கும். அங்க நிறுத்தி, கிளட்ச்சை முழுசா மிதிச்சு, லீவரை அமுக்கிப் பின்னாடி இழுத்தா 4எல், அதாவது வேகம் குறைச்சு இழுவையைக் கூட்டின நாலு சக்கர இழுவை. முதல் கியர். கிளட்ச்சுலேர்ந்து காலை எடுத்துடலாம். ஆக்ஸிலரேட்டர் தொடாமலே மனுஷன் நடக்கிறதைவிட மெதுவா ஊர்ந்து போகுது. பாதியில இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் பிடிப்பு இல்லாம காத்துல சுத்தும். வண்டி நின்னுடும். அங்க ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சு, சீரா அப்படியே பிடிக்கணும், பதறிக் காலை எடுக்கக்கூடாது. அடியிலேர்ந்து "கர்ர்ர்"னு ஒரு சத்தம் வரும். சும்மா சுத்துற சக்கரத்தை பிரேக் தானா பிடிச்சு, தரையில இருக்கிற சக்கரத்துக்கு இழுவையை அனுப்புது. ரெண்டு நொடி ஒண்ணும் நடக்காது, அப்புறம் ஒரு குலுக்கலோட ஏறிடும். முதல் தடவை பக்கத்துல உக்காந்திருந்த எங்க தோட்டத்துப் பெரியவர் கதவைத் திறந்து இறங்கவே போயிட்டார்.

இப்போதைக்கு இவ்வளவு. கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

டீசல்பிரியன்:

வாழ்த்துகள். ஆனா நேரா கேக்குறேன், இந்தக் காசுக்கு மஹிந்திரா தார் டீசல் வந்திருக்குமே? 134 என்.எம். வச்சுக்கிட்டு மலை ஏறுறதுல என்ன சுகம்? டீசல்னா 1500 ஆர்.பி.எம்.லயே இழுக்கும். இல்லை, நிஜமாவே காட்டுப்பாதைதான்னா ஃபோர்ஸ் கூர்க்கா. முன்னாடியும் பின்னாடியும் மெக்கானிக்கல் டிஃப் லாக், ஒரு ஆக்ஸில்ல இருக்கிற ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா சுத்த வைக்கும். உங்க "கர்ர்ர்" சத்தத்துக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், லாக் போட்டா போயிட்டே இருக்கும்.

கொல்லிமலைக்காரன்:

ரெண்டையும் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் வந்தேன். இழுவையில நீங்க சொல்றது முழுக்க சரி, டீசல் டீசல்தான். எனக்குக் கணக்கு வேற. ஜிம்னி எடை சுமார் 1200 கிலோ. தார் அதைவிட அரை டன் கூட. ஈரச் செம்மண்ல கனமான வண்டி இறக்கத்துல சறுக்க ஆரம்பிச்சா எந்த லாக்கும் நிறுத்தாது. அடுத்தது அகலம். தார் 1820, இது 1645, ஏழு அங்குல வித்தியாசம். எங்க பாதையில ஒரு பலாமரத்துக்கும் பாறைக்கும் நடுவுல போகணும். மரத்தை வெட்ட அம்மா விடமாட்டாங்க.

நாலுவழிச்சாலை:

ஜப்பான்ல இதே 5 கதவு வண்டியை 2025 ஜனவரி கடைசியில அறிவிச்சாங்க. நாலே நாள்ல 50,000 ஆர்டர் சேர்ந்து புக்கிங்கையே நிறுத்தி வச்சாங்க. வண்டி போறது நம்ம குருகிராம்லேர்ந்து. அப்ப இங்க ஷோரூம்ல தள்ளுபடி கொடுத்துக் கூப்பிட்டாங்க. என்னத்தைச் சொல்ல.

பழைய ஜிப்சி (கோத்தகிரி):

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. இங்கே மாருதியோட பழைய ஜீப், ஜிப்சி ஓட்டியே வயசான ஆள் நான். 1985ல ஜிப்சி வந்தப்ப 970 சி.சி. இன்ஜின். அதுக்கப்புறம்தான் 1.3 வந்தது. முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங். கோத்தகிரியிலேர்ந்து மேட்டுப்பாளையம் இறங்குறதுக்குள்ள உடம்புல ஒவ்வொரு எலும்பும் தன் பேரைச் சொல்லும். ராணுவத்துக்கும் போலீஸுக்கும் ஓடி, 2019ல நின்னு போச்சு. 2023 ஜூன்ல ஜிம்னி வந்ததும் பேரனோட போய் ஓட்டிப் பார்த்தேன். காயில் ஸ்பிரிங், ஏ.சி., ஆறு ஏர்பேக். கீழ குனிஞ்சு பார்த்தா அதே ஏணிச் சட்டம், அதே ரெண்டு திட ஆக்ஸில். மனசு நிறைஞ்சது.

மேனுவல் எடுத்தவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஏத்தத்துல பாதியில இன்ஜின் நின்னு போனா என்ன செய்யணும்னு சமவெளியிலேயே பழகிக்குங்க. புதுசா ஓட்டுறவங்க கிளட்ச்சை மிதிச்சுடுவாங்க. மிதிச்ச நொடியே இன்ஜின் பிடிப்பு போச்சு, வண்டி பின்னால உருளும். பயத்துல ஸ்டியரிங்கை ஒடிப்பாங்க, வண்டி குறுக்கா திரும்பும். மலையில வண்டி கவிழுறது பெரும்பாலும் இப்படித்தான்.

கால் பிரேக்கை அழுத்திப் பிடி. ஹாண்ட் பிரேக்கையும் இழு. அப்புறம்தான் கிளட்ச். 4எல்லயே ரிவர்ஸ் கியர் போடு. ஸ்டார்ட் பண்ணு. ஸ்டியரிங்கை நேரா வை. கிளட்ச்சை மெல்ல விட்டு, பிடிப்பு வந்ததும் ஹாண்ட் பிரேக்கை இறக்கி, கால் பிரேக்கையும் மெல்ல விடு. ரிவர்ஸ் கியர் இன்ஜினே வண்டியைப் பிடிச்சு, வந்த தடத்துலயே நேரா கீழ இறக்கிடும். கீழ வந்து மூச்சு வாங்கிட்டு மறுபடி முயற்சி பண்ணலாம், அவமானம் ஒண்ணும் இல்லை.

ஜிப்சியில சாவி போட்டா கிளட்ச் மிதிக்காமலே கியர்லயே ஸ்டார்ட் ஆகும், ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை ஒரு முழம் நகர்த்தும். பட்டன் ஸ்டார்ட் வச்ச வண்டியில பொதுவா கிளட்ச் மிதிச்சாத்தான் இன்ஜின் எழுந்திருக்கும். அந்தப் பழைய வித்தையை இதுல நம்பாதீங்க.

கொல்லிமலைக்காரன்:

ஐயா, இதைத் தனியா எழுதி வச்சுக்கிட்டேன். தோட்டத்துக் களத்து மேட்டுல பழகிப் பார்க்கிறேன்.

ஓ.எம்.ஆர். வாசி:

சூப்பர் ரிவ்யூ ப்ரோ. நான் சோழிங்கநல்லூர்ல ஐ.டி. வேலை. தினமும் ஆபீஸ், வார இறுதியில ஈ.சி.ஆர்., வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊட்டி. ஜிம்னி மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்ப எங்க ஏரியாவுல கார் எல்லாம் முழுகிப் போச்சு. அதுக்கும் சேர்த்து ஃபோர் வீல் எடுத்துடலாம்னு பார்க்கிறேன். எடுக்கலாமா? ஆட்டோவா மேனுவலா?

டீசல்பிரியன்:

ஆபீஸ் பார்க்கிங்ல நிறுத்தறதுக்கு நாலு சக்கர இழுவை எதுக்கு தம்பி?

ஓசூர் கியர்பாக்ஸ்:

கிண்டல் வேண்டாம், கேள்வி நியாயமானதுதான். நான் வாகன உதிரிபாகத் துறையில இருக்கேன், முடிஞ்சவரை விளக்குறேன்.

முதல்ல வெள்ளம். நாலு சக்கரமும் சுத்துறதுக்கும் தண்ணிக்கும் சம்பந்தமே இல்லை. 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ்ங்கிறது கல்லுக்கு. தண்ணி பம்பருக்கு மேல ஏறி, காத்து இழுக்கிற குழாய் வழியா இன்ஜினுக்குள்ள போச்சுன்னா ஜிம்னியும் ஒண்ணுதான் மாருதி 800ம் ஒண்ணுதான், உள்ள கனெக்டிங் ராடு வளைஞ்சு இன்ஜினே போயிடும். மிக்ஜாம்ல ஓடின தண்ணி எந்த வண்டிக்கும் ஆனது இல்லை. இடுப்பளவு தண்ணியில லேசான வண்டி மிதக்கக்கூடச் செய்யும்.

ரெண்டாவது, இது பார்ட் டைம் ஃபோர் வீல். முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற சென்டர் டிஃப்ரன்ஷியல் கிடையாது. 4எச் போட்டா முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்துல சுத்தியே ஆகணும். வளைவுல திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்துல போகும், பின்சக்கரங்கள் சின்ன வட்டத்துல. அந்த வித்தியாசத்தை மண்ணுலயும் சேத்துலயும் டயர் லேசா வழுக்கி ஈடு கட்டிடும். காய்ஞ்ச தார் ரோட்டுலயும் கான்கிரீட்லயும் வழுக்க வழியில்லை. முறுக்கம் எல்லாம் ட்ரான்ஸ்ஃபர் கேஸ்லயும் (முன், பின் ஆக்ஸிலுக்கு இழுவையைப் பிரிச்சு அனுப்புற பெட்டி) ஷாஃப்ட்லயும் சேரும். யாரோ பிரேக் பிடிச்சு வச்ச கணக்கா வண்டி திணறும், ஸ்டியரிங் கல்லாகும். அதையும் மீறி ஓட்டினா உள்ள பல்லு போகும். ஆக ஓ.எம்.ஆர்.லயும் ஈ.சி.ஆர்.லயும் நீங்க ஓட்டப்போறது பின்சக்கர இழுவை வண்டியை மட்டும்தான். ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃப்ரன்ஷியல், முன் ஷாஃப்ட் எல்லாம் சும்மா சவாரி வரும், அதோட எடைக்கும் பெட்ரோல் நீங்கதான் ஊத்தணும்.

மேனுவலா ஆட்டோவான்னா, தினமும் அந்த டிராஃபிக்ல போறதுக்கு ஆட்டோ. ஆனா அது 4 கியர் டார்க் கன்வெர்ட்டர், நெடுஞ்சாலையில மேனுவலைவிடக் கொஞ்சம் சோம்பல். பாறை ஏற ஆட்டோ உண்மையிலேயே சுலபம், கிளட்ச் கவலை இல்லை. வழுக்குற இறக்கத்துல மேனுவல். 4எல்ல ட்ரான்ஸ்ஃபர் கேஸ் வேகத்தைச் சரிபாதி ஆக்குது. முதல் கியர் 4.425, டிஃப்ரன்ஷியல் 4.09, ரெண்டையும் பெருக்கி மறுபடி ரெண்டால பெருக்குங்க, 36 சொச்சம் வருது. சக்கரம் ஒரு சுத்து சுத்த இன்ஜின் 36 சுத்து சுத்தணும். கொல்லிமலைக்காரர் நடக்கிறதைவிட மெதுவான்னு சொன்னது இதுதான். அந்தப் பிடிப்பு இறக்கத்துல கால் பிரேக்கைவிட நம்பிக்கையானது, ஏன்னா சக்கரம் லாக் ஆகாது.

ஓ.எம்.ஆர். வாசி:

கொஞ்சம் உடைஞ்சு போச்சு ப்ரோ மனசு. 😄 இருந்தாலும் டெஸ்ட் டிரைவ் போய்ட்டு வந்து சொல்றேன்.

போடி ஏலம்:

நான் போடிநாயக்கனூர். எங்கூர்ல ஜீப்புன்னா விளையாட்டுச் சாமான் இல்லைங்க. விடிகாலையில போடியிலருந்தும் கம்பத்துலருந்தும் ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆளுகளை ஏத்திக்கிட்டு மலை ஏறுற வண்டி அது. பெரும்பாலும் பழைய மஹிந்திரா. அதுல எத்தனை பேர் ஏறுவாங்கன்னு இங்க எழுத முடியாது, ஆர்.டி.ஓ. படிச்சிடுவாரு. ரிப்பேர்னா ரோட்டோரத்துல ஒரு பட்டறை, ஒரு வெல்டிங் மெஷின், ஒரு பெட்டி ஸ்பேனர், மத்தியானத்துக்குள்ள வண்டி கிளம்பிரும்.

எங்க அப்பாவுக்கு அந்த ஜீப்பு ஓட்டித் தோள்பட்டை போயிருச்சு. எனக்கும் தோட்டத்துக்குத் தனியா போயி வரணும். அதனாலதான் இந்த இழையைப் படிக்கிறேன். அப்பா கேக்குறது ரெண்டே கேள்வி. அதுல எத்தனை மூட்டை போகும்? நடுக்காட்டுல நின்னு போச்சுன்னா எவன் வருவான்?

கொல்லிமலைக்காரன்:

அப்பா கேட்டது ரெண்டும்தான் கேக்க வேண்டிய கேள்வி.

மூட்டை: பின்சீட்டை மடக்கிட்டு 50 கிலோ மிளகு மூட்டை நாலு போட்டு, நானும் இன்னொருத்தரும் உக்காந்து மலை இறங்கியிருக்கோம். நிம்மதியா வந்தது. அதுக்கு மேல நான் ஏத்த மாட்டேன். சீட்டு மடங்கினாலும் தரை முழுசா சமமாகாது, ஒரு பலகை போட்டுக்கணும். ஆள் ஏத்தணும்னா இந்த வண்டியை மறந்துடுங்க. நாலு பேர், அதுலயும் பின்சீட்டுக்காரங்க முழங்காலை மடக்கித்தான் உக்காரணும்.

நின்னு போச்சுன்னா: இன்ஜின் கே15பி. எர்டிகா, சியாஸ்னு ஊர்ல ஓடுற மத்த வண்டிங்கள்லயும் அதே குடும்பத்து இன்ஜின்தான் இருந்தது, அதைத் தெரிஞ்ச மெக்கானிக் எந்தத் தாலுகாவுலயும் கிடைப்பார். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் வந்தா நிலைமை வேற. நான் போன சர்வீஸ் சென்டர்ல முன் டிஃப்ரன்ஷியல் ஆயிலைப் பார்க்கச் சொன்னா, "முன்னாடி எதுக்கு சார் டிஃப்ரன்ஷியல்"னு ஒரு பையன் கேட்டான். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, வண்டியோட கையேட்டைப் பிரிச்சுக் காட்டி, நான் பக்கத்துலயே நின்னு பார்த்துட்டு வந்தேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன், பக்கத்துல நின்னு பாருங்க.

பழைய ஜிப்சி (கோத்தகிரி):

அம்மாடி, அப்பாகிட்ட தோள்பட்டைக்காகவாவது ஒரு தடவை உக்காந்து பார்க்கச் சொல்லு. லீஃப் ஸ்பிரிங்ல வாழ்ந்த உடம்புக்கு வித்தியாசம் பத்து அடியிலேயே தெரிஞ்சிடும்.

சேறு_சகதி:

டயர் மாத்தினீங்களா? கம்பெனி கொடுக்கிற 195/80 ஆர்15 ஹைவே டயர்தானே? நான் 215/75 ஆர்15 ஆல் டெரைன் (ரோடு, காட்டுப்பாதை ரெண்டுக்குமான டயர்) போடலாம்னு இருக்கேன். வண்டி நல்லா உசந்துடுமாமே?

ஓசூர் கியர்பாக்ஸ்:

எவ்வளவு உசரும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. 195/80 ஆர்15 மொத்த விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டா 703 சொச்சம். விட்டத்துல பத்து மி.மீ., அதுல பாதிதான் உயரம். அஞ்சு மி.மீ.க்கு ஊர்ல யாரும் கவனிக்க மாட்டாங்க. லாபம் உயரத்துல இல்லை, டயர் பட்டையிலயும் பக்கச்சுவர் கெட்டியிலயும்தான். நஷ்டம்னா ஆல் டெரைன் டயர் கனம் கூட, 105 பி.எஸ். இன்ஜின் அதை உணரும். மைலேஜ் இறங்கும், ரோடு சத்தம் ஏறும்.

அடி தட்டுறதுக்கு டயரைவிட வீல்பேஸ்தான் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) காரணம். வெளிநாட்டு 3 கதவு ஜிம்னி வீல்பேஸ் 2250, நம்ம 5 கதவு 2590. அதனால நடு வயிறு தட்டாம தாண்டுற கோணம் 28 டிகிரியிலேர்ந்து 24 ஆயிடுச்சு. பம்பர் தட்டாத கோணம் முன்னாடி 36, பின்னாடி 50 டிகிரி, ரெண்டும் அருமை. கூர்மையான மேட்டு உச்சியில மட்டும் வயிறு உக்காரும். மேட்டை நேரா தாண்டாம கொஞ்சம் சாய்வா எடுத்தா தப்பிக்கலாம்.

கொல்லிமலைக்காரன்:

நான் இன்னும் கம்பெனி டயர்லதான் ஓடுறேன். தார் ரோடு முடிஞ்சதும் 18, 20 பி.எஸ்.ஐ.க்குக் காத்தை இறக்குறேன். டயர் அடி விரிஞ்சு உக்காருது, செம்மண் ஏத்தத்துல வித்தியாசம் உடனே தெரியுது, குலுக்கலும் பாதியாகுது. திரும்ப வரும்போது 12 வோல்ட் கம்ப்ரஸர்ல கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற அளவுக்கு ஏத்திக்கிறேன். அதை ஏத்தாம 70 வளைவு இறங்கக்கூடாது. டயர் தேய்ஞ்சதும் ஆல் டெரைன் பார்த்துக்கலாம்.

கறுப்புக்கோட்டு:

ஆசையா வண்டி வாங்கி அபராதம் கட்டுறவங்களைத் தினம் பார்க்கிறேன், அதனால மூணு விஷயம் சொல்லிடுறேன். முன்பக்கம் இரும்பு புல் பார் போடாதீங்க, 2017 டிசம்பர்லயே மத்திய அரசு அதைத் தடுத்து மாநிலங்களுக்கு எழுதிடுச்சு. சஸ்பென்ஷனை உசத்துறது, பாடியை வெட்டுறது எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்குள்ள வரும். விபத்துன்னு ஒண்ணு வந்தா இன்ஷூரன்ஸ்காரங்க முதல்ல பார்க்கிறது அதைத்தான். கடைசியா, காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறது 1882ஆம் வருஷத்து வனச்சட்டப்படியே குற்றம். ஃபோர் வீல் இருக்குன்னு யானை போற வழியில சேறு கிண்டப் போகாதீங்க. சொந்தத் தோட்டம், சொந்தப் பாதைன்னா யார் கேக்கப்போறாங்க?

ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் 2024 மே 7லேர்ந்து அமல்ல இருக்கு. ஓ.எம்.ஆர். தம்பி கவனிச்சுக்குங்க.

நாலுவழிச்சாலை:

90 தாண்டினா ஸ்டியரிங் பேய் பிடிச்ச மாதிரி ஆடும்னு ஒரு வீடியோவுல சொன்னானே, அது நிஜமா?

பழைய ஜிப்சி (கோத்தகிரி):

முன்னாடி திட ஆக்ஸில் இருக்கிற எந்த வண்டிக்கும் அது வரலாம், எந்தக் கம்பெனின்னு கணக்கில்லை. சக்கரம் பேலன்ஸ் இல்லை, கிங்பின் பேரிங் தேய்ஞ்சிருக்கு, புஷ் போயிடுச்சு, ஸ்டியரிங் டேம்பர் செத்துப்போச்சு, இதுல ஒண்ணோ ரெண்டோ சேர்ந்தா ஒரு பள்ளத்துல விழுந்ததும் ஆட ஆரம்பிக்கும். வந்தா பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க. ஸ்டியரிங்கை உறுதியா பிடிச்சு, ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறைங்க, நின்னுடும். புது வண்டியில பயப்படத் தேவையில்லை. சேத்துல ஓட்டிட்டு வந்தா ரிம்முக்கு உள்பக்கம் மண் காய்ஞ்சு ஒட்டியிருக்கும், அதுவே பேலன்ஸைக் கெடுக்கும். உள்பக்கம் கழுவுங்க, வெளியில பளபளன்னு துடைச்சா போதாது.

ஓ.எம்.ஆர். வாசி:

டெஸ்ட் டிரைவ் போனேன். சொன்னா நம்ப மாட்டீங்க, ஓட்டுற சீட்டுல உக்காந்ததும் இறங்க மனசே வரல. அந்தச் சதுர பானெட், நிமிர்ந்த கண்ணாடி, லீவர். ஆனா அப்பா பின்சீட்டுல ஏறி இறங்கப் பட்ட பாடு... "உனக்குப் பொம்மை வேணும்னா வாங்கிக்கோ, கோயிலுக்குப் போக நான் ஓலா புக் பண்ணிக்கிறேன்"னுட்டார். சாதாரண ஹேட்ச்பேக் ஆட்டோவுல முடிவாயிடுச்சு. ஊருல நிலம் வாங்கினா திரும்ப வர்றேன் ப்ரோ.

டீசல்பிரியன்:

இந்த இழையில எடுத்த ஒரே நல்ல முடிவு. 😄

கொல்லிமலைக்காரரே, உங்க நாலு கிலோமீட்டருக்கு அது சரியான வண்டின்னு ஒத்துக்கிறேன். என் கரூர் டு பெங்களூருக்கு ஒத்துக்க மாட்டேன்.

கொல்லிமலைக்காரன்:

பெங்களூருக்கு நானே பஸ்லதான் போறேன்.

போடி ஏலம்:

அப்பா இறங்கி வந்துட்டாருங்க. "அந்தத் தம்பி பாதையில ஒரு தடவை உக்காந்து பார்த்துட்டு அப்புறம் பேசுவோம்"ங்கிறாரு. தை பிறந்ததும் நாமக்கல் பக்கம் ஒரு விசேஷத்துக்கு வர்றோம். மறுநாள் மேல வரலாமா? ஏலக்கா மூட்டை ஒண்ணு காலிச்சாக்கா கொண்டு வர்றேன், உங்க மிளகை அதுல போட்டு அளந்து பார்த்துக்கலாம். ஏலக்கா எடை கம்மி, சாக்கு பெருசு, அதான் சந்தேகம்.

கொல்லிமலைக்காரன்:

தாராளமா வாங்க. தையில மிளகு பறிப்பு நடந்துக்கிட்டு இருக்கும், ஆளும் இருப்போம். உங்க வண்டியைச் சோளக்காட்டுல விட்டுட்டா நான் வந்து ஏத்திக்கிறேன். அப்பாவை முன்சீட்டுல உக்கார வச்சுக்கலாம். அந்தப் பாறைப்படியில அவரே ஓட்டிப் பார்க்கணும்னா சாவியைக் கொடுத்துடுறேன். ஜீப்பு ஓட்டின கைக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒண்ணும் இருக்காது, "கர்ர்ர்" சத்தம் வந்தா காலை எடுக்க வேண்டாம்ங்கிறதைத் தவிர.